தோழி வீட்டில் 24 நாளும் தங்கலாமா?

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கும் 27 வயது வாசகி எழுதியிருக்கிறார்:

"வருகிற ஜூனில் 24 நாள் நெதர்லாந்து போகலாம் என்று இருக்கிறேன். கல்லூரி விடுதியில் நாலு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி இப்போது ஐந்தோவனில் கணவரோடு இருக்கிறாள். ஒரு படுக்கையறை வீடு. 'எதுக்குடி ஹோட்டலுக்குக் காசு, இங்கேயே தங்கி ஊர் சுத்து' என்கிறாள். எனக்கோ முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போக ஆசை. ஒரு கூடாரம் வாங்கிக்கொண்டு, நடந்தும் சைக்கிளிலும் போய், கிடைத்த இடத்தில் தங்கலாமா என்று யோசிக்கிறேன். வீட்டில், 'தோழி வீடு இருக்கும்போது பொண்ணு எதுக்குத் தனியா வெளியே தங்கணும்' என்று ஒரே பேச்சு. அவள் வீட்டில் அவ்வளவு நாள் தங்குவது சரியா? விசாவுக்கு என்ன காட்டுவது? துலிப் தோட்டமும் பார்க்க வேண்டும். நெய்யும் மைசூர்பாவும் கறிவேப்பிலையும் கேட்டிருக்கிறாள், கொண்டுபோகலாமா?"

வணக்கம். முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன், 24 நாளும் தங்க வேண்டாம். போய் இறங்கியதும் நாலு ராத்திரி, ஊர் திரும்புவதற்கு முன்னால் மூன்று ராத்திரி, நடுவில் துணி துவைத்துக்கொள்ள ஒரு ராத்திரி, ஆக எட்டு. அதற்கு மேல் தோழி எவ்வளவு வற்புறுத்தினாலும் வேண்டாம். அவர் மனதாரத்தான் கூப்பிடுகிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பத்தாம் நாள் அந்த வீடு எப்படி இருக்கும் என்பது கூப்பிடுகிற அவருக்கே இப்போது தெரியாது.

தனியாகப் பயணம் போகிறவர்களுக்கு வழித்திட்டம் போட்டுக் கொடுப்பதை 16 வருடமாகத் தொழிலாகச் செய்கிறேன், இருந்தும் இதை நான் கற்றுக்கொண்டது விருந்தாளியாகப் போன இடத்தில்தான். 2014-இல் டெல்ஃப்டில் வேலையில் இருந்த நண்பன் வீட்டில் 11 நாள் தங்கினேன். ஏணியைச் சாய்த்து வைத்த மாதிரி செங்குத்தான படி, மேலே ஒரே அறை, ஒரு சமையல் மூலை, அவ்வளவுதான் வீடு. கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு அவன் தரையில் மெத்தை போட்டுக்கொண்டான். எட்டாம் நாள் காலை ஏழு மணி இருக்கும், கண் விழித்துப் பார்த்தால் மெத்தை சுருட்டி வைத்திருக்கிறது, குளியலறைக் கதவுக்கு அடியில் வெளிச்சம், உள்ளிருந்து கிசுகிசுப்பாகப் பேச்சுக் குரல். நான் எழுந்துவிடக் கூடாதே என்று மடிக்கணினியை வாஷிங் மெஷின் மேல் வைத்துக்கொண்டு நின்றபடியே அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தான். வெளியே வந்தவன் "தூக்கம் கலைஞ்சிடுச்சா?" என்று என்னைக் கேட்டான். நாங்கள் இன்றும் நண்பர்கள்தான். ஆனாலும் அந்த வெளிச்சம் எனக்கு மறக்கவில்லை, எட்டு நாளாக அவன் எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறான் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.

நம் ஊரில் விருந்தாளி வந்தால் திண்ணை இருக்கும், மாடி இருக்கும், பக்கத்து வீட்டு அக்கா ஒரு கை கொடுப்பார். ஐந்தோவனில் ஒரு படுக்கையறை வீடு என்றால் கூடத்து சோபாதான் உங்கள் படுக்கை, அதுவேதான் அவர்கள் சாப்பிடும் இடம், கணவர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவராக இருந்தால் அதுவேதான் அலுவலகமும். வேலைக்கு ஆள் கிடையாது, பாத்திரம், துணி, குப்பை பிரிப்பது, குளியலறைத் தரையைத் துடைப்பது எல்லாம் அவர்கள் இரண்டு பேர் தலையில்தான். அதனால் தோழியிடம் கேட்பதற்கு முன்னால் அவர் கணவரிடம் பேசுங்கள். தோழி வழியாகச் சொல்லி அனுப்பாமல் நீங்களே பேச வேண்டும். "எட்டு ராத்திரி தங்கலாம் என்று இருக்கிறேன், எந்த நாள் உங்களுக்கு வசதிப்படாது?" என்று கேளுங்கள். வசதிப்படுமா என்று கேட்டால் யாரும் வசதிப்படும் என்றுதான் சொல்வார்கள். எந்த நாள் வசதிப்படாது என்று கேட்டால்தான் உண்மையான தேதி வெளியே வரும். அப்புறம், வாடகை ஒப்பந்தத்தில் விருந்தாளி தங்குவதைப் பற்றி ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அங்கே போனபின் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. சோபாவிலிருந்து எழுந்ததும் போர்வையை மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்கள், அறை மறுபடி அவர்களுடையதாகிவிடும். பெரும்பாலான வீடுகளில் குளியலறையில் தண்ணீர் நிற்கும் பகுதி சின்னதுதான், வெளியே சிந்தினால் உடனே துடையுங்கள். மளிகைச் செலவைக் கையில் பணமாகக் கொடுத்தால் தோழி வாங்கமாட்டார், அதனால் நீங்களே ஆல்பர்ட் ஹெய்ன், லிடில் மாதிரி பலசரக்குக் கடையில் வாங்கிவந்து நிரப்பிவிடுங்கள். ஒருநாள் முழுச் சமையல் உங்களுடையது. டச்சுக்காரர்கள் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் மாலை ஆறு மணி என்றால் ஆறு மணிதான், ஏழுக்குப் போனால் சாப்பாடு முடிந்திருக்கும். செலவைப் பிரித்து 'டிக்கி' என்று ஒரு பணக்கோரிக்கை இணைப்பு அனுப்புவார்கள், இரண்டு யூரோவுக்குக்கூட வரும். அது அங்கே வழக்கம், அதில் அவமானம் எதுவும் இல்லை. நம் மக்கள் சிலர் இதில் மனம் நொந்துபோய்த் திரும்புகிறார்கள், அதற்காகத்தான் சொல்கிறேன்.

இப்போது விசா. இங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள்: தங்கப் போவது நண்பர் வீடு, விண்ணப்பத்தில் காட்டுவது ரத்து செய்துவிடக்கூடிய ஹோட்டல் பதிவு. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஸ்கிபோல் விமான நிலையத்தில் எல்லைக் காவலர் "எங்கே தங்குகிறீர்கள்?" என்று கேட்டதும் வாயிலிருந்து தோழி பெயர் வரும், காகிதத்தில் ஹோட்டல் பெயர் இருக்கும். உண்மையை எழுதினாலே விசா கிடைக்கும். தோழி வீட்டு எட்டு ராத்திரிக்கு ஒரு படிவம் இருக்கிறது, உத்தரவாதம் அல்லது தனியார் வீட்டில் தங்கவைத்தல் என்பதற்கான டச்சு அரசுப் படிவம். அதைத் தோழி நிரப்பி, தன் ஊர் நகராட்சி அலுவலகத்துக்கு எடுத்துப்போய், அங்கே அதிகாரி முன்னால் கையெழுத்திட்டுச் சான்று வாங்க வேண்டும். நகராட்சியை அங்கே 'கெமேன்ட்டெ' என்பார்கள். முன்பதிவு செய்துகொண்டுதான் போக முடியும், அதற்கே நாளாகும், கட்டணமும் உண்டு.

படிவத்தில் இரண்டு வேறு விஷயங்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, இவர் என் வீட்டில் தங்குகிறார் என்பது. மற்றது, இவர் செலவுக்கு நான் பொறுப்பு என்பது. இரண்டாவது சட்டப்படி கட்டுப்படுத்தும் வாக்கு, உங்களால் அரசுக்கு ஏதாவது செலவு வந்தால் அது தோழி தலையில் விழும். கையில் சம்பளமும் சேமிப்பும் இருக்கும்போது அந்தச் சுமையை அவர்மேல் ஏற்ற வேண்டாம், தங்கும் இடத்துக்கு மட்டும் கையெழுத்து வாங்குங்கள். பணத்தை நீங்களே காட்டுங்கள். நெதர்லாந்து கேட்பது நாளுக்கு 55 யூரோ, 24 நாளுக்கு 1,320 யூரோ. கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கில் அது இயல்பாகச் சேர்ந்த பணமாகத் தெரிய வேண்டும், முந்தின வாரம் அப்பா கணக்கிலிருந்து மொத்தமாக வந்து விழுந்ததாகத் தெரியக் கூடாது. அதோடு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, நிறுவனத்தின் விடுப்புக் கடிதம், போக வர விமான முன்பதிவு, மீதி 15 ராத்திரிக்குத் தங்குமிடப் பதிவுகள். விசாக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும் விஎஃப்எஸ் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். ஆனால் கோடைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள், ஜூன் பயணத்துக்கு மார்ச்சிலேயே கொடுத்துவிடுவது நல்லது. விமானச் சீட்டுக்கு முழுப் பணத்தையும் விசா வருமுன் கட்டாதீர்கள்.

கூடாரம் வேண்டாம். நெதர்லாந்தில் கிடைத்த இடத்தில் கூடாரம் அடிப்பது சட்டப்படி தடை, காட்டிலும் சரி, கடற்கரையிலும் சரி, பிடித்தால் அபராதம். அதற்கென்று உள்ள தளங்களில் அடிக்கலாம், அழகான இயற்கைத் தளங்கள் இருக்கின்றன. ஆனால் கூடாரமும் படுக்கைப்பையும் விரிப்பும் சேர்ந்தால் முதுகில் நாலைந்து கிலோ கூடிவிடும், ஜூனிலும் அங்கே மழை உண்டு, நனைந்த கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ரயில் ஏறுவது முதல் தடவை போகிறவருக்கு நான் சிபாரிசு செய்கிற அனுபவம் இல்லை. பை மொத்தம் எட்டு கிலோவுக்குள் இருக்கட்டும். குடையை விட்டுவிட்டு நல்ல மழைச்சட்டை ஒன்று வாங்குங்கள், அங்கே காற்று குடையைத் திருப்பிப் போட்டுவிடும்.

கூடாரம் வேண்டாம் என்றால் எங்கே தங்குவது? உங்களுக்காகவே செய்து வைத்த மாதிரி ஓர் ஏற்பாடு அங்கே இருக்கிறது, நம் ஊரில் இதைப் பற்றித் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. 'ஃப்ரீண்டன் ஒப் டெ ஃபீட்ஸ்' என்று பெயர், சைக்கிளில் வரும் நண்பர்கள் என்று பொருள் கொள்ளலாம். 1984-இல் தொடங்கியது. வருடச் சந்தா கட்டி உறுப்பினராகிவிட்டால் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் பட்டியல் கையில் கிடைக்கும். சாதாரணக் குடும்பங்கள், பலரும் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட நடுத்தர வயதுத் தம்பதிகள், காலியாகிவிட்ட பிள்ளையின் அறையை நடந்தோ சைக்கிளிலோ வருகிறவருக்கு ஒரு ராத்திரிக்குக் கொடுக்கிறார்கள். காலை உணவோடு சேர்த்து எல்லா வீட்டிலும் ஒரே நிர்ணயக் கட்டணம், ஹோட்டலோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. காரில் வருகிறவருக்கு இடம் இல்லை. உங்கள் வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள், தனியாக வெளியே தங்குவது என்றதும் அவர்கள் மனதில் வருவது ஏதோ ஒரு லாட்ஜ், இது ஒரு குடும்பத்தின் மாடியறை. காலையில் அந்த அம்மா ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஹேகல்ஸ்லாக் என்ற சாக்லேட் துருவல், ஓர் அவித்த முட்டை எல்லாம் மேசையில் பரப்பிவிட்டு, வரைபடத்தைப் பிரித்து இன்றைக்கு எந்த வழி சேறாக இருக்கும் என்று விரல் வைத்துக் காட்டுவார். சிலநாள் முன்னதாகவே மின்னஞ்சல் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், பணத்தை ரொக்கமாக வைத்திருங்கள்.

எங்கே நடப்பது என்றால், என் பதில் பீட்டர்பாட். வடக்கே கடலோரம் பீட்டர்பியூரன் என்ற கிராமத்தில் தொடங்கி, தெற்கே மாஸ்ட்ரிக்ட் நகருக்கு வெளியே சின்ட் பீட்டர்ஸ்பெர்க் குன்றில் முடியும் நடைபாதை, ஏறக்குறைய 500 கிலோமீட்டர், 26 கட்டங்கள். இதை உருவாக்கியவர்கள் இரண்டு பெண்கள், டில்பர்க்கில் இருந்த டோஸ் கூர்ஹவுஸ், குரோனிங்கனில் இருந்த பெர்ட்யெ யென்ஸ். நாட்டின் இரு கோடியில் இருந்த தோழிகள், தங்கள் நாட்டில் நெடுந்தூர நடைபாதை இல்லையே என்று தாங்களே வழி தேடி, நடந்து, குறித்து உருவாக்கினார்கள். 1983-இல் பாதை திறக்கப்பட்டது. வேறு ஊரில் இருக்கும் தோழியைப் பார்க்கப் போகிற நீங்கள் அதில் கொஞ்ச தூரமாவது நடந்தே ஆக வேண்டும் என்பது என் ஆசை.

ஐந்தோவனிலிருந்து இது மிகவும் வசதி. நேர் ரயிலில் வென்லோ போய்விடுங்கள். அங்கிருந்து ஸ்வால்மன், மான்ட்ஃபோர்ட், சிட்டார்ட், ஸ்ட்ராபேக், கடைசியாகச் சின்ட் பீட்டர்ஸ்பெர்க், ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஜெர்மன் எல்லையை ஒட்டிய காடு, புல்வெளி, பண்ணை வீடுகள், கடைசி இரண்டு நாளில் மேடும் பள்ளமும் வந்துவிடும், நெதர்லாந்து முழுக்கத் தட்டை என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் லிம்பர்க் மாகாணத்தில் மூச்சு வாங்குவார்கள். வழி தவறவே மாட்டீர்கள். மரத்திலும் வேலிக் கம்பத்திலும் மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று இரண்டு சின்னப் பட்டைகள் இருக்கும், வளைந்திருந்தால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும், பெருக்கல் குறி மாதிரி இருந்தால் தப்பான வழி. ஒரு குறியைப் பார்த்துப் பத்து நிமிடம் ஆகிவிட்டதே என்று பயம் வரும், கொஞ்சம் பொறுத்து நடந்தால் அடுத்த கம்பத்தில் அது நிற்கும். ஜூனில் பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும் என்பதால் இருட்டிவிடுமோ என்ற அவசரமும் இல்லை. மாஸ்ட்ரிக்டில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஐந்தோவன். துணி துவைக்கும் அந்த ஒரு ராத்திரி இதுதான்.

கால் வலித்தால் நடுவில் ரயிலில் ஏறிக்கொள்ளலாம், ஸ்வால்மனிலும் சிட்டார்டிலும் நிலையம் இருக்கிறது. இங்கே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். நெதர்லாந்தில் தனியாகப் பயணச்சீட்டு வாங்க வேண்டியதில்லை, தொட்டாலே பணம் போகும் வங்கி அட்டை இருந்தால் ரயில், பேருந்து, டிராம் எல்லாவற்றிலும் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை காட்டினால் போதும். இறங்கும்போது காட்ட மறந்தால் ரயிலில் 20 யூரோ பிடித்துக்கொள்வார்கள். அட்டையைக் காட்டி உள்ளே போய், போனைக் காட்டி வெளியே வந்தால் அதை இரண்டு வேறு ஆளாகக் கணக்கிடும், இரண்டிலும் ஒரே வங்கிக் கணக்கு என்றாலும் அப்படித்தான். இன்னொன்று, நாடு முழுக்க ஓடுவது என்.எஸ். ரயில், ஆனால் ஸ்வால்மன் பக்கம் ஓடுவது அரீவா என்ற வேறு நிறுவனத்தின் ரயில். ருர்மோன்டில் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறினால், ஒரே நடைமேடையாக இருந்தாலும், இறங்கிய நிறுவனத்தின் கம்பத்தில் அட்டையைக் காட்டி வெளியே வந்து, ஏறப்போகும் நிறுவனத்தின் கம்பத்தில் மறுபடி காட்டி உள்ளே போக வேண்டும். கிளம்புமுன் உங்கள் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை, தொடு பரிவர்த்தனை இரண்டையும் திறந்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டு ஸ்கிபோல் வாசலில் நின்றுகொண்டு எனக்கு அழைத்தவர்கள் பலர்.

சைக்கிள் பற்றி. திருப்பூரில் நன்றாக ஓட்டுவீர்கள் என்று நினைத்துக்கொண்டு நேராக ஆம்ஸ்டர்டாமில் இறங்கிவிடாதீர்கள். முதல் நாலு நாளில் தோழியின் சைக்கிளை வாங்கி ஞாயிறு காலை ஐந்தோவனிலேயே பழகுங்கள். பல சைக்கிள்களில் கைப் பிரேக் இருக்காது, மிதியைப் பின்னோக்கி மிதித்தால்தான் நிற்கும், நம் காலுக்கு அது பிடிபட ஒருநாள் ஆகும். வலப்பக்கம் ஓட்ட வேண்டும். தரையில் சுறாப் பல் மாதிரி வெள்ளை முக்கோணங்கள் உங்களைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தால் நீங்கள்தான் நின்று வழிவிட வேண்டும். கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது 2019 ஜூலையிலிருந்து குற்றம். நடக்கும்போது சிவப்புத் தாரில் கால் வைக்காதீர்கள், அது சைக்கிள் பாதை. பழகுவதற்கு நல்ல இடம் ஐந்தோவனுக்கும் ஃபெல்ட்ஹோவனுக்கும் நடுவே இருக்கும் ஹோவன்ரிங், சாலைச் சந்திப்புக்கு மேலே கம்பிகளில் தொங்கும் வட்டப் பாலம், சைக்கிளுக்காகவே கட்டி 2012-இல் திறந்தது. நகரத்தின் மறுபக்கம் நியூனன் கிராமம், வான் கோ 1883 முதல் 1885 வரை வாழ்ந்து உருளைக்கிழங்கு உண்பவர்களை வரைந்த ஊர். நகரத்திலிருந்து ஒரு சின்னச் சைக்கிள் பயணம்தான், தோழியும் கணவரும் சேர்ந்து வரலாம், அவர்களே இன்னும் போயிருக்கமாட்டார்கள் என்பது என் ஊகம். உள்ளூர்க்காரர்கள் விருந்தாளி வந்தால்தான் ஊர் பார்ப்பார்கள்.

மீதி நாட்களை வேகமாகச் சொல்கிறேன். நாம் ஹேக் என்று சொல்லும் டென் ஹாக்கில் மூன்று ராத்திரி, அங்கிருந்து ஒருநாள் ரோட்டர்டாம் வழியாக நீர்ப்பேருந்தில் கிண்டர்டைக், 19 காற்றாலைகள் வரிசையாக நிற்கும் இடம். இன்னொரு நாள் லெய்டன். நாகப்பட்டினம் புத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததைச் சொல்லும் சோழர் செப்பேடுகள் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால்தான் நம் வரலாற்றுப் புத்தகங்களில் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன, அந்த நினைப்போடு அந்த ஊர்க் கால்வாய் ஓரம் நடந்து பாருங்கள். ராத்திரி டென் ஹாக்கில் சுரினாம் கடை ஒன்றில் ரொட்டி சாப்பிடுங்கள். 1873-இலிருந்து இந்தியாவில் இருந்து, டச்சுக்காரர்கள் அப்போது ஆண்ட தென் அமெரிக்க நாடான சுரினாமுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நடத்தும் கடைகள், உருளைக்கிழங்கும் நீளக் காராமணியும் மசாலாவில் புரட்டி மெல்லிய ரொட்டியோடு தருவார்கள், பத்து நாள் பாலாடைக்கட்டி ரொட்டிக்குப் பிறகு அந்தக் காரம் நாக்கில் படும்போது தெரியும்.

ஆம்ஸ்டர்டாமில் தங்காதீர்கள், ஹார்லமில் இரண்டு ராத்திரி தங்கிக்கொண்டு ரயிலில் போய் வாருங்கள், கால் மணி நேரம்தான். ஆம்ஸ்டர்டாம் நகராட்சி தங்குமிடத்துக்கு 12.5 விழுக்காடு வரி போடுகிறது, அதோடு 2026 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க ஹோட்டல் தங்கலுக்கான மதிப்புக்கூட்டு வரி 9-லிருந்து 21 விழுக்காடாகிவிட்டது. ஆன் ஃபிராங்க் வீட்டைப் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரத்துக்கு முன்கூட்டி இணையத்தில் சீட்டு திறக்கும், நேரில் போய் வாங்க முடியாது, தேதியை இப்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். காபி குடிக்க வேண்டுமானால் கஃபே என்று பலகை போட்ட கடைக்குப் போங்கள், காபிஷாப் என்ற பலகை கஞ்சா விற்கும் கடைக்கானது.

அப்புறம் வடக்கே டென் ஹெல்டர். ஈழத்திலிருந்து வந்த நம் மக்கள் எழுப்பிய வரதராஜ செல்வ விநாயகர் ஆலயம் அந்த ஊரில்தான் இருக்கிறது, கும்பிட்டுவிட்டுக் கப்பல் ஏறினால் 20 நிமிடத்தில் டெசல் தீவு. மூன்று ராத்திரி அங்கே. சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு மணல்மேடுகளுக்கு நடுவே போய்க்கொண்டே இருக்கலாம். திரும்பும் வழியில் இரண்டு ராத்திரி ஆர்ன்ஹெம் பக்கம், ஹோகே ஃபெலுவே தேசியப் பூங்காவுக்குள் நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டால் வெள்ளைச் சைக்கிள் இலவசம், காட்டுக்கு நடுவே க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் வான் கோ ஓவியங்கள். அங்கிருந்து ஐந்தோவன்.

துலிப் பற்றி வருத்தமான பதில்தான், ஜூனில் ஒரு பூவும் இருக்காது. கோய்கன்ஹாஃப் துலிப் தோட்டம் மார்ச் பிற்பாதியில் திறந்து மே நடுவில் மூடிவிடும். துலிப்தான் முக்கியம் என்றால் பயணத்தை ஏப்ரல் நடுவுக்கு மாற்றுங்கள், ஆனால் அப்போது குளிர், கூட்டம், விலை மூன்றும் அதிகம், நடைக்கு ஜூன் எவ்வளவோ மேல். என்னைக் கேட்டால் துலிப்பை விட்டுவிடுவேன்.

தோழி கேட்ட பண்டங்கள். நெய் கண்டிப்பாகக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வருகிறவர் பால் பொருளோ இறைச்சியோ கொண்டுவரத் தடை, பால்கோவாவும் அதில் வந்துவிடும். மைசூர்பாவை மாவுப் பண்டம்தானே என்று வாதாடலாம்தான், ஆனால் நெய் ஊறிய பெட்டியோடு சுங்க மேசையில் நின்று வாதாட நான் சொல்லமாட்டேன். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் வாங்கி அழித்துவிடுவார்கள், மாம்பழத்துக்கும் அதேதான். தேங்காய்க்கு விலக்கு உண்டு, ஆனால் எட்டு கிலோப் பையில் தேங்காய் வேண்டாம். அம்மாவிடம் சொல்லிக் கறிவேப்பிலைப் பொடி, பருப்புப் பொடி, சுண்டைக்காய் வத்தல், அப்பளம், எண்ணெயில் சுட்ட கை முறுக்கு, கடலை மிட்டாய் என்று கட்டச் சொல்லுங்கள். நாலு வருடம் ஒரே அறையில் இருந்தவருக்கு எந்தப் பொடி பிடிக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். கணவருக்கு என்ன பிடிக்கும் என்பதையும் கேட்டுக்கொண்டு, அதை முதல் பொட்டலமாக எடுத்துக் கொடுங்கள்.

இந்த வாரமே தோழியை அழைத்து, போனை அவர் கணவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எட்டு ராத்திரியின் தேதி முடிவானால்தான் நகராட்சிப் படிவத்தில் எழுத முடியும், அது கையில் வந்தால்தான் விசா மையத்தில் நாள் வாங்க முடியும். பீட்டர்பாட் வீடுகளுக்கு மின்னஞ்சல் எழுதும்போது ஆங்கிலத்திலேயே எழுதலாம், பதில் வரும். ஸ்ட்ராபேக் சின்ன இடம், அங்கே வீடு கிடைக்காவிட்டால் பக்கத்தில் ஃபால்கன்பர்கில் தேடுங்கள்.